விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர்: இரண்டு வருஷம் பயன்படுத்திய பிறகு

அம்மாவுக்கு நுரையீரல் அடைப்பு நோய் என்று உறுதியான வாரத்திலேயே இதை வாங்கினோம். விரலில் கிளிப் மாதிரி மாட்டுகிற சாதாரண பல்ஸ் ஆக்ஸிமீட்டர்தான், ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும், இரண்டு சின்ன பேட்டரி, ஒரே ஒரு பட்டன். இரண்டு வருஷமாகக் காலையும் மாலையும் பார்க்கிறோம். கம்பெனி பெயரை எழுதவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகிற குறை அந்த ஒரு கம்பெனியோடு நிற்கவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்து விநாடியில் எண் வந்துவிடும். எழுத்து பெரிசு, அம்மா கண்ணாடி போடாமலே படித்துவிடுவார். பேட்டரி மாதக்கணக்கில் வருகிறது, இரண்டு தடவை கீழே விழுந்தும் ஒன்றும் ஆகவில்லை. ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அயோயாகி 1970களில் இந்த முறையைக் கண்டுபிடித்திருக்காவிட்டால், ரத்தம் எடுக்காமல் ஆக்ஸிஜன் அளவை வீட்டிலேயே பார்ப்பதெல்லாம் நமக்குக் கிடைத்திருக்காது. அந்த மரியாதை எனக்கு எப்போதும் உண்டு.

சரி, குறைக்கு வருகிறேன். ஒரு ராத்திரி அம்மாவால் படுக்கவே முடியவில்லை, கட்டிலில் உட்கார்ந்து முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். விரலில் மாட்டினேன், 95 காட்டியது. "95 இருக்கும்மா, ஒண்ணுமில்ல, பயப்படாதே" என்றேன். "எனக்கு மூச்சு பத்தலை" என்று மூன்று தடவை சொன்னார். நான் மூன்று தடவையும் அந்தத் திரையைத்தான் பார்த்தேன். அரை மணி நேரம் அப்படியே போனது. மருத்துவமனைக்குப் போனால் அங்கே மாட்டிய கருவியும் 94 என்றது, காத்திருக்கச் சொன்னார்கள். கடைசியில் ஒரு நர்ஸ் அம்மா உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூட்டிவந்தார், மணிக்கட்டில் குத்தித் தமனி ரத்தம் எடுத்தார்கள், அதில் ஆக்ஸிஜன் 87. வீட்டில் எங்கள் கருவி காட்டியதற்கும் இதற்கும் எட்டு புள்ளி வித்தியாசம், அதுவும் எந்தப் பக்கம் இருக்கக் கூடாதோ அந்தப் பக்கம்.

அம்மா நல்ல கறுப்பு, நானும்தான். தோல் நிறத்துக்கும் கருவி காட்டுகிற எண்ணுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. கருவி இரண்டு விதமான ஒளியை விரல் வழியாக அனுப்புகிறது, ஒன்று சிவப்பு, இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. எது எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்பதை வைத்துக் கணக்குப் போடுகிறது. தோலுக்கு நிறம் கொடுக்கிற மெலனினும் ஒளியை உறிஞ்சும். அதைச் சரிக்கட்ட வேண்டிய அளவீட்டை ஆய்வகத்தில் ஆட்களை வைத்துச் செய்கிறார்கள், அந்த ஆட்களில் பெரும்பாலானவர்கள் வெளுப்பாக இருந்தால் கருவி அவர்களுக்குத்தான் சரியாக இருக்கும். மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் சரிபார்த்து அனுமதிக்கிற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கேட்டது என்ன தெரியுமா? சோதனைக்கு வருபவர்களில் கருமையான தோல் உள்ளவர்கள் இரண்டு பேர், அல்லது 15 சதவீதம், எது அதிகமோ அது. இரண்டு பேர்!

2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களை எடுத்து, அதே நேரத்துத் தமனி ரத்தச் சோதனையோடு ஒப்பிட்டார்கள். உண்மையில் 88க்குக் கீழே போயிருந்தது வெள்ளை இன நோயாளிகளிடம் எடுத்த அளவீடுகளில் 3.6 சதவீதம், கறுப்பின நோயாளிகளிடம் எடுத்தவற்றில் 11.7 சதவீதம். ஏறக்குறைய மூன்று மடங்கு. இது புதுசாகத் தெரிந்த விஷயமும் இல்லை, 1990லேயே கறுப்பின நோயாளிகளிடம் பிழை அதிகம் என்று ஆய்வு வந்திருக்கிறது. நடுவில் முப்பது வருஷம். கொரோனா நேரத்தில் யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை என்பதை இந்த எண்ணை வைத்துத்தான் பல இடங்களில் முடிவு செய்தார்கள், அதில் கறுப்பின, ஹிஸ்பானிய நோயாளிகளுக்குச் சிகிச்சை தாமதமானதும் பிறகு ஆய்வில் தெரியவந்தது. படிக்கும்போது எனக்கு அந்த அரை மணி நேரம்தான் ஞாபகம் வந்தது. 2025 ஜனவரியில் எஃப்டிஏ புது வழிகாட்டுதலுக்கான வரைவு ஒன்றை வெளியிட்டது, குறைந்தது 150 பேரை வைத்து, தோல் நிறத்தையும் அளந்து சோதிக்கச் சொல்கிறது. அதற்கு முன்னால் தயாரானவை எல்லாம் நம் விரல்களில் இருக்கின்றன.

பெட்டியில் "துல்லியம் ±2" என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து நான் 95 என்றால் 93க்கும் 97க்கும் நடுவில்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படிக் கிடையாது. அது சோதனையில் வந்த பிழையின் ஒருவிதச் சராசரி, மூன்றில் ஒரு பங்கு ரீடிங் அதைத் தாண்டியும் போகலாம். எஃப்டிஏ சரிபார்த்து அனுமதித்த கருவியே 90 காட்டினால் உண்மை அளவு 86க்கும் 94க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். கடையிலும் ஆன்லைனிலும் விலை குறைவாகக் கிடைக்கிற பலவற்றை உடற்பயிற்சிக்கு, பொது நலத்துக்கு என்று சொல்லி விற்கிறார்கள், அவற்றை எஃப்டிஏ பரிசோதிப்பதே இல்லை. பணம் குறைவாக இருப்பவர் எதை வாங்குவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

நிறத்தோடு இது முடியவில்லை. புகையை எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் இந்தக் கருவி ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் என்றே எண்ணிக்கொள்கிறது. மூடிய அறையில் புகையில் மூச்சுத் திணறுகிற ஒருவருக்கு 98 கூடக் காட்டலாம். உலகத்தில் இருநூறு கோடிப் பேருக்கு மேல் இன்னும் விறகிலும் கரியிலும் புகைகிற அடுப்பில் சமைக்கிறார்கள், அடுப்புக்கு முன்னால் நிற்பது பெரும்பாலும் ஏழை வீட்டுப் பெண்கள்.

ரத்தசோகையும் அப்படித்தான், இதில் தப்பு என்னுடையது. தங்கை மாடிப்படி ஏறினாலே மூச்சிரைக்கிறது என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் இதை மாட்டிவிட்டு "98 இருக்கு, உனக்கு ஒண்ணுமே இல்ல" என்றேன். கருவி சொல்வது, இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்ஸிஜனைச் சுமக்கிறது என்று மட்டும்தான். ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பிறகு ரத்தப் பரிசோதனையில் 12 இருக்க வேண்டிய இடத்தில் 7 இருந்தது. 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் உலகம் முழுக்க ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அவர்களில் எத்தனை பேரின் விரலில் யாராவது இதை மாட்டிவிட்டுச் சும்மா இரு என்று சொல்லியிருப்பார்கள்?

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். வசதி உள்ளவர் மூச்சு வாங்குகிறது என்றால் கருவி என்ன காட்டினாலும் உடனே ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அம்மா மாதிரி, தங்கை மாதிரி, ஏற்கெனவே யாரும் காது கொடுக்காதவர்களின் பேச்சைத்தான் இந்த எண் அடக்குகிறது, தப்பாகக் காட்டுவதும் அவர்களுக்கே அதிகம்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன். வாங்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன், நாங்களும் தூக்கிப்போடவில்லை. ஒரே விரலில், கை சூடாக இருக்கும்போது, நகப்பாலிஷ் இல்லாமல், எண் நிலைக்கும்வரை அசையாமல் பாருங்கள். ஒரு தடவை காட்டுகிற எண்ணை விட, வழக்கமாக இருப்பதிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதற்கு மதிப்புக் கொடுங்கள், அம்மாவுக்கு வழக்கமாக 97 என்றால் 94 எங்களுக்கு இப்போது அவசரம்தான். நோட்டில் ரீடிங் பக்கத்திலேயே அம்மா என்ன சொன்னார் என்றும் எழுதுகிறோம். அப்புறம், மருத்துவமனையில் எப்போதாவது தமனி ரத்தம் எடுக்கிறார்கள் என்றால் உங்கள் கருவியைக் கையோடு கொண்டுபோய் அதே நேரத்தில் விரலில் மாட்டிவிடுங்கள். இரண்டு எண்ணுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்து அதைப் பேனாவால் கருவியின் பின்பக்கம் எழுதி ஒட்டிவையுங்கள். அன்று நான் அவசரத்தில் கொண்டுபோகவில்லை, அடுத்த முறை எடுத்துப்போக அம்மாவின் மருந்துப் பையிலேயே போட்டுவைத்திருக்கிறேன்.