தண்ணீர் உறிஞ்சும் மிசினும் ஒரு பிளாஸ்டிக் பந்தும்: ஏழு வருடப் பாவனை

போன கிழமை எங்கள் தண்ணீர் உறிஞ்சும் மிசினுக்கு, அதாவது தண்ணீரையும் புழுதியையும் ஒரு பீப்பாவுக்குள் இழுக்கும் வக்யூமுக்கு, மோட்டர் மாற்றி எடுத்து வந்தேன். புது மிசின் விலையில் கிட்டத்தட்டப் பாதி. பீப்பாவை வீட்டில் விட்டுவிட்டுத் மோட்டர் இருக்கும் தலைப்பகுதியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போதுதான் புதுக்குடியிருப்பு மச்சாள் போன் எடுத்தாள். "மச்சாள், உங்கட அந்தத் தண்ணி உறிஞ்சிற மிசின் எப்பிடி? நானும் ஒண்டு எடுப்பம் எண்டு யோசிக்கிறன்." கேட்ட நேரம் சரியில்லை. காசு எண்ணிக் கொடுத்த கை இன்னும் சூடாக இருந்தது. "விசரே உனக்கு, வாங்காத" என்று சொல்லிவிட்டேன். அது நீதியான பதில் இல்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுதி முடிக்கும்போது நீதி வருமா என்பதும் தெரியாது.

எங்கள் வீடு கிளிநொச்சி முரசுமோட்டையில். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து வெள்ளம் வந்தது இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மறக்காது. தண்ணீர் வடிந்த பிறகு சட்டியாலும் வாளியாலும் மூன்று நாள் சேறு அள்ளினோம். நாரி முறிந்தது. அந்தக் கோபத்தில் அடுத்த தை மாதமே வவுனியாவுக்குப் போய் வாங்கியது இது. 20 லீற்றர், 1400 வாட்ஸ், ஈரத்துக்கும் காய்ந்ததுக்கும் ஒரே மிசின் என்று பெட்டியில் பெரிய எழுத்தில் இருந்தது. பெயர் சொல்ல மாட்டேன். இந்த வகையில் எல்லாம் ஏறக்குறைய ஒரே உடம்புதான்.

காய்ந்த வேலையில் இதற்கு ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பரந்தனில் எனக்கு ஒரு சின்ன போட்டோகொப்பிக் கடை. கோடையில் ரோட்டுப் புழுதி கடைக்குள் வந்து கடுதாசிக் கட்டின் மேலேயே படுத்திருக்கும். தும்புத்தடியால் கூட்டினால் எழும்பி வேறு இடத்தில் படுக்கும். மிசின் வந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. ஒரே ஒரு தடவை பிழை விட்டேன். கொட்டிய டோனர் மையை உறிஞ்சினேன். அந்தத் தூள் இதன் பில்டருக்கு மிக நுண்ணியது. முன்னால் போனது பின்னால் கறுப்புப் புகையாக வந்தது. நான், சுவர், வந்திருந்த வாடிக்கையாளரின் வெள்ளைச் சேட்டு, எல்லாம் ஒரே நிறம். டோனருக்கு என்று தனி வக்யூம் இருக்கிறதாம். பிளாஸ்டிக் குழாய்க்குள் அந்தத் தூள் உரசி ஓடும்போது நிலைமின் சேர்ந்து பொறி தட்டவும் கூடும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். இப்போது டோனர் சிந்தினால் நனைத்துப் பிழிந்த துணிதான்.

என் பிரச்சினை எல்லாம் ஈர வேலையில். அதுவும் அந்தப் பந்தில்.

மூடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் மோட்டருக்குக் கீழே ஒரு சின்னப் பிளாஸ்டிக் கூடு தெரியும். அதற்குள் மேசைப் பந்து போல ஒரு பந்து. பீப்பாவில் தண்ணீர் ஏற ஏறப் பந்து மிதந்து, மோட்டருக்குப் போகும் வாயைப் போய் அடைக்கும். உடனே இழுவை நிற்கும். அதுவரை தடித்த குரலில் உறுமிய மிசின் மெல்லிய குரலில் கீச்சிடும். அந்தச் சத்தம் கேட்டால் சுவிட்சை நிறுத்த வேண்டும். ஓடவிட்டால் பந்து விழாது, உறிஞ்சும் காற்றே அதைப் பிடித்து வைத்திருக்கும். நல்ல யோசனைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 20 லீற்றர் பீப்பாவில் அது 12 லீற்றர் அளவிலேயே அடைத்துவிடுகிறது. தண்ணீருக்குள் குழாயை வைத்தால் அரை நிமிடத்துக்குள் கீச்சு. குழாயைக் கொஞ்சம் வெடுக்கென்று இழுத்தாலும் உள்ளே தண்ணீர் தளம்பி, நிரம்பாமலே கீச்சு. நிறுத்து, கொளுக்கி இரண்டையும் திற, தலையைத் தூக்கிக் காய்ந்த இடத்தில் வை, 12 கிலோ தண்ணீரை முற்றம் வரை சுமந்து ஊற்று, திரும்ப வா.

ஒரு கணக்குச் சொல்கிறேன். பத்தடிக்குப் பத்தடி அறையில் ஒரு சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால் அது 93 லீற்றர். ஒரு விரல் நகத்தளவு தண்ணீருக்கு எட்டு நடை! கணுக்கால் தண்ணீரை இது உறிஞ்சும் என்று நினைத்து வாங்குபவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். தண்ணீரை முதலில் தும்புத்தடியால் வாசல் பக்கம் தள்ளி வெளியேற்ற வேண்டும். அதற்குப் பிறகு நிலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் கடைசி ஈரமும், கட்டில் காலடியிலும் அலுமாரிக்குப் பின்னாலும் நிற்கும் சேற்றுத் தண்ணீரும்தான் இதன் வேலை. அந்த வேலையில் இதை மிஞ்ச எதுவும் இல்லை.

சரி, மோட்டர் எப்படிச் செத்தது? டிட்வா புயல் மழைக்கு மறுபடி வீட்டுக்குள் தண்ணீர். சேற்றைத் தள்ளி முடித்து, மணம் போகட்டும் என்று சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்து, அந்த நுரையோடு குழாயை வைத்தேன். பந்து கீச்சிடும் என்று காத்திருந்தேன். கீச்சிடவில்லை. பின்பக்கக் காற்றுத் துளையால் வெள்ளை நுரை பொங்கிச் சுவரில் வழிந்தது. வயர் கருகும் மணம். அடுத்த நொடி ட்ரிப் சுவிட்ச் விழுந்தது.

திருத்துகிற தம்பி மோட்டரைக் கழற்றிக் காட்டினான். செப்புச் சுருளுக்கு நடுவில் காய்ந்த சவர்க்காரம் பாலாடை போலப் படிந்திருந்தது. "அக்கா, பந்து தண்ணிக்குத்தான் மிதக்கும். நுரைக்கு மிதக்காது. நுரை அதைச் சுத்திக்கொண்டு மேல போயிடும்." இதை நான் ஏழு வருடம் தெரியாமல் இருந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து கையேட்டைத் தேடி எடுத்தேன். ஆறு மொழி இருக்கிறது, தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. ஆங்கிலப் பக்கத்தில் எறும்பளவு எழுத்தில் ஒரு வரி: நுரை வந்தால் உடனே நிறுத்தவும். பெட்டியில் "ஈரத்துக்கும்" என்று போட்ட எழுத்தில் பத்தில் ஒன்று இல்லை. அந்த வரியைப் பெட்டியில் போட்டிருந்தால் என் காசு மிஞ்சியிருக்கும். வாசிக்காதது என் பிழை, சிறிதாக எழுதியது அவர்கள் பிழை. எது பெரிது என்று இன்றைக்கும் என்னால் முடிவெடுக்க முடியவில்லை. இப்போது சவர்க்காரம் போட்டால் நல்ல தண்ணீர் ஊற்றி அலசி, நுரையை வெளியே தள்ளிவிட்டுத்தான் குழாய் வைப்பது.

அந்த ட்ரிப் சுவிட்சைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மில் பலர் அது அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டிக் கம்பியால் நேரே இணைத்து விடுகிறோம். சாதாரண பிரேக்கர் வயர் கருகாமல் பார்க்கும். ஆளைப் பார்ப்பது இதுதான். 30 மில்லி அம்பியர் மின்சாரம் கசிந்தாலே வெட்ட வேண்டும் என்பதுதான் அதன் வேலை. அதில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது, மாதம் ஒருக்கா அழுத்தினால் விழ வேண்டும். விழாவிட்டால் அந்த வீட்டில் ஈரத்தில் மிசின் பிடிக்க வேண்டாம். வெள்ளம் பிளக் மட்டம் வரை ஏறியிருந்தால் மெயினை நிறுத்தி, வயரிங் தெரிந்தவரைக் கூப்பிட்டுப் பார்க்கும் வரை மிசினும் இல்லை, மின்விசிறியும் இல்லை.

இதன் பிளக் உருண்டை இரட்டைக் கம்பி. நமது சுவரில் இருப்பது மூன்று சதுர ஓட்டை. என்ன செய்வோம்? பேனை முனையால் மேல் ஓட்டையைக் குத்தி, கீழ் ஓட்டைகளின் உள்மூடியைத் திறந்து செருகுவோம். அந்த மூடி பிள்ளைகள் விரலோ கம்பியோ விடாமல் இருக்க வைத்தது. தளர்வாக நிற்கும் பிளக்கில் பொறி வேறு. ஈரக் கையோடு இதைச் செய்வதை எங்கள் இவர் ஏழு வருடமாக நிறுத்தவில்லை. கடைசியில் சரியான அடப்டர் ஒன்று வாங்கி மிசினின் வயரிலேயே கட்டி வைத்தேன். எக்ஸ்டென்சன் வயர் சுருளில் இருந்தால் முழுதாக இழுத்து விரிக்க வேண்டும். சுற்றியபடியே 1400 வாட்ஸ் இழுத்தால் நடுச்சுருள் சூடாகி உருகும். எக்ஸ்டென்சனின் பிளக் பெட்டிக்கு எங்கள் வீட்டில் தனியாக ஒரு பிளாஸ்டிக் கதிரை. ஆட்கள் நின்றாலும் பெட்டி அந்தக் கதிரையில் மகாராசாவாக இருக்கும், தண்ணீர் தொடாது. காலில் றப்பர் செருப்பு.

இரவல் கேட்டு வருபவர்கள்தான் இன்னொரு ஆபத்து. ஒரு தடவை பக்கத்து வளவில் தண்ணீர் பம்பின் மண்ணெண்ணெய் கொட்டுப்பட்டு, "அக்கா, மிசினை ஒருக்காத் தாங்கோ" என்று பெடியன் வந்து நிற்கிறான். ஈரத்துக்கும் என்றுதானே போட்டிருக்கிறது என்கிறான். மோட்டர் சுழலும்போது அதில் உரசும் கரித்துண்டுகளில் பொறி பறந்துகொண்டேதான் இருக்கும். மண்ணெண்ணெய் ஆவி அதற்குள் போனால் பீப்பா குண்டுதான். மரத்தூள் கொண்டுபோய்க் கொட்டச் சொன்னேன். மாமி அடுப்புச் சாம்பலை உறிஞ்சப் பார்த்தா. மேலே வெள்ளைச் சாம்பல், உள்ளே தணல். தடுத்ததற்கு இரண்டு நாள் பேச்சில்லை.

இன்னொரு முறை தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்து வாங்கினேன். காகிதப் பையைக் கழற்றாமல் தண்ணீர் உறிஞ்சியிருக்கிறார்கள். திறந்தால் உள்ளே கூழ். ஈர வேலைக்குப் பையை எடுத்துப் பஞ்சு உறையை மாட்ட வேண்டும், காய்ந்த வேலைக்கு மறுபடி மாற்ற வேண்டும். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தை ஒருவரும் செலவழிப்பதில்லை. வேலை முடிந்ததும் பீப்பாவையும் பஞ்சையும் வெயிலில் காய வைக்காவிட்டால் இரண்டாம் நாள் நண்டு செத்த மணம். குழாயை ஆணியில் உயர்த்தித் தொங்கவிடுங்கள். ஒரு மாரியில் நிலத்தில் போட்டிருந்த குழாய்க்குள் தவளை குடிவந்துவிட்டது. உறிஞ்சும் பக்கமாக மாட்டியிருந்தால் அதன் கதை முடிந்திருக்கும். நல்ல காலம், ஊதும் பக்கத்தில் மாட்டினேன். முற்றத்தில் போய் விழுந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

ஊதும் பக்கம்! அதை யாரும் பெட்டியில் பெரிதாக எழுதவில்லை. பீப்பாவையும் பில்டரையும் நன்றாகத் துடைத்துவிட்டு, குழாயைப் பின் துளையில் மாட்டி, தரப்பாளில் கொட்டிய உளுந்துக்கு நேரே கொஞ்சம் தூரத்தில் பிடித்தால் தூசும் சக்கையும் தானாகப் பறந்து உளுந்து மணி மட்டும் கறுப்பாக மினுங்கிக்கொண்டு கிடக்கும். காற்று வரும் என்று சுளகோடு நின்ற காலம் போய்விட்டது. இரண்டு மூடை உளுந்து, ஒரு பின்னேரம். மாமிக்கு என்னோடு மறுபடி பேச்சு வந்தது அன்றைக்குத்தான்.

இவ்வளவும் எழுதிய பிறகும் மச்சாளுக்கு என் பதில் அதேதான்: வாங்காதே. அவளின் வீட்டில் ட்ரிப் சுவிட்சும் இல்லை, கையேடு வாசிக்கும் பொறுமையும் இல்லை, சவர்க்காரத் தூள் மட்டும் தாராளம். என்னுடையது நாளைக்கே முழுதாகப் போனால் நான் புதிதாக ஒன்று வாங்குவேன், அதே பந்து வைத்ததைத்தான். அது வேறு கதை.

நேற்று மறுபடி போன் எடுத்தாள். அவளுக்கும் இந்த முறை உளுந்து இருக்கிறதாம். மிசினை இரவலாகத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை பரந்தனில் பஸ் ஏறி நானே கொண்டு போகிறேன். பீப்பா கண்டக்டரின் பொறுப்பு, தலை என் மடியில்.