வீட்டுக்கே வந்து போட்ட லைஃப் சர்டிபிகேட்: 70 ரூபாய்க்குத் தகுமா?

நவம்பர் பிறந்தால் வேலூரை அடுத்த எங்கள் கணியம்பாடிப் பக்கம் டீக்கடையில் ஒரே கேள்விதான், லைஃப் சர்டிபிகேட் போட்டாச்சா? பென்ஷன் வாங்குபவர் உயிரோடு இருக்கிறார் என்று வருஷா வருஷம் காட்டும் சான்று அது. பக்கத்தில் இருக்கும் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர், எங்கள் தெருவிலும் நாலு மிலிட்டரி பென்ஷன் உண்டு. அதில் ஒன்று என் தாத்தாவுடையது. இந்த வருஷம் 70 ரூபாய் கட்டணத்துக்குப் போஸ்ட்மேனை வீட்டுக்கே வரவழைத்துப் போட்டோம், அந்த அனுபவத்தைத்தான் எழுதுகிறேன்.

முதலில் போன வருஷக் கதை. டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம். தாத்தாவின் கைரேகை மெஷினில் விழவே இல்லை. பதினெட்டு வயசில், 1968ல், பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்தவர். 1971 பாகிஸ்தான் சண்டையில் பசந்தர் ஆற்றுப் பக்கம் கண்ணிவெடி எடுத்த கூட்டத்தில் இருந்தார், ரிட்டையர் ஆகி வந்து பேங்கில் செக்யூரிட்டி, அப்புறம் இருபது வருஷமாக வேர்க்கடலை, மண்வெட்டி. ரேகை எங்கே மிஞ்சும்? ஆயாவுக்கும், அதாவது என் பாட்டிக்கும், இதே கதைதான், சின்ன வயசிலிருந்து பீடி சுற்றிச் சுற்றி விரல் வழவழவென்று ஆகிவிட்டது. ரேஷன் கடையில் இவர்கள் இரண்டு பேரும் விரலை வைத்தால் பின்னால் நிற்பவர்கள் அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்கள்.

ஒரு மணி நேரம் எண்ணெய் துடைத்து, சானிடைசர் போட்டு, கடைசியில் இடது கட்டைவிரல் விழுந்தது. வெளியே வந்து லாங் பஜார் மணிக்கூண்டு நிழலில் நின்றபோது தாத்தா அங்கிருக்கும் கல்வெட்டைப் பார்த்தார். 1914-18 பெரிய சண்டைக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று இருக்கும். "மீதி 263 பேரு இன்னா சர்டிபிகேட் குட்த்தாங்களோ" என்றார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

சிரித்ததும் வீண். பென்ஷன் கொடுக்கும் இடம் என்ற கட்டத்தில் ஸ்பர்ஷ் (மிலிட்டரி பென்ஷனுக்கான ஆன்லைன் ஏற்பாடு) என்று போடாமல் பழைய பேங்கையே போட்டுவிட்டான் அந்தப் பையன். டிசம்பர் பென்ஷன் ஏறவில்லை. திரும்பப் போட்டு, பாக்கியோடு வந்து சேரும்வரை தாத்தா யாரோடும் சரியாகப் பேசவில்லை. சொந்தப் பணம் கையில் இல்லாமல் மகனிடம் கேட்க வேண்டி வந்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. பட்டாளத்தில் இருந்தபோது மாதாமாதம் மணியார்டர் அனுப்பினவர். வருஷத்துக்கு ஒரு தடவை டிரங்குப் பெட்டியோடு காட்பாடியில் இறங்குவாராம், அப்பா அவரை யாரோ விருந்தாளி என்று நினைத்து உள்ளே ஓடி ஒளிந்துகொள்வாராம்.

சரி, இந்த வருஷத்துக்கு வருகிறேன். போஸ்ட் ஆபீஸில் சொல்லிவைத்தோம், மூணாம் நாள் போஸ்ட்மேன் வந்துவிட்டார். ஆதார், பி.பி.ஓ. நம்பர் (பென்ஷன் ஆர்டர் நம்பர்), ஆதாரோடு இணைந்த போன், இவ்வளவுதான் கேட்டார். கைரேகையைத் தொடவே இல்லை, முகத்தையே போனில் எடுக்கலாம் என்றார். திண்ணையில் சிக்னல் இல்லாததால் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டோம். அங்கே ஒரு கூத்து. கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது ஆப், தாத்தாவோ போட்டோ என்றதும் அட்டென்ஷனில் நிமிர்ந்து முறைத்துப் பார்க்கிறார். "ஐயா, கொஞ்சம் சிமிட்டுங்க." அசையவில்லை. இரண்டு தடவை ஃபெயில். மூணாவது தடவை ஆயா பின்னால் நின்று ஏதோ முனக, சிரிப்பு வந்து சிமிட்டினார், உடனே பச்சை டிக் விழுந்தது. மொத்தம் பத்து நிமிஷம். ஸ்பர்ஷ் என்று போட்டிருக்கிறதா என்று நானே ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டேன், நீங்களும் பாருங்கள். பிரமாண் நம்பர், அதாவது அந்தச் சர்டிபிகேட்டின் நம்பர், போனில் மெசேஜாக வந்தது.

குறை என்றால் சிக்னல்தான், அது அவர் தப்பு இல்லை. எந்த நாள் வருவார் என்பது தெரியுமே தவிர நேரம் சொல்ல மாட்டார்கள், தாத்தா காலை ஏழு மணிக்கே சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வந்தது பதினொன்றரைக்கு. சொந்த போனிலேயே காசில்லாமல் போடலாம் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒருத்தர் தப்பாகப் போட்டு ஒரு மாசம் வீடு இருளோடிக் கிடந்ததைப் பார்த்தவன் நான், 70 ரூபாய் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.

தாத்தா நூறு ரூபாய் கொடுத்தார், முப்பது திரும்பியது, எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பையில் வைத்தார். போஸ்ட்மேன் மோர் குடித்துக்கொண்டிருக்கும்போது ஆயா கேட்டாள், "எனக்கு எப்ப போடணும்ப்பா?" அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டு, "தாத்தா இருக்கிறவரைக்கும் உங்களுக்குத் தேவையில்லம்மா" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அப்புறம் தாத்தா என்னைக் கூப்பிட்டு டிரங்குப் பெட்டியிலிருந்து பட்டாளத்தில் கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கை எடுக்கச் சொன்னார். அதில் ஆயா பெயர் 'அம்மா' என்று முடிகிறது, ஆதாரில் 'அம்மாள்'. "மொதல்ல இத்த சரி பண்ணு" என்றார். திங்கட்கிழமை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போகிறேன்.