33ஆவது ஒழுங்கை, 11ஆம் இலக்கம்: பாவாவின் வீட்டைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

கொள்ளுப்பிட்டியில் பகத்தலே வீதியிலிருந்து பிரியும் 33ஆவது ஒழுங்கை முட்டுச்சந்தாக முடியும் இடத்தில், இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவாவின் கொழும்பு வீடு இருக்கிறது. இப்போது பாவா அறக்கட்டளை அதைப் பராமரித்து, வழிகாட்டியுடன் சுற்றிக் காட்டுகிறது. கட்டடம், கதிரை, துணி, கார் நான்கையும் ஒரே கூரையின் கீழ் பார்க்கக் கொழும்பில் இதைவிட நல்ல இடம் இல்லை. வீடு கட்ட நினைப்பவர்கள் பிளான் கீறக் கொடுக்குமுன் இங்கே ஒரு முறை போய்வர வேண்டும்.

வீட்டின் வரலாறு தெரிந்தால்தான் அதன் திட்டம் விளங்கும். இது ஒரே தடவையில் கட்டிய வீடு அல்ல. வரிசையாக இருந்த நான்கு சின்ன வீடுகளில் மூன்றாவதை 1958இல் பாவா எடுத்தார். ஒரு ஹோல், ஒரு படுக்கையறை, சின்னக் குசினி, வேலையாளுக்கு ஓர் அறை, அவ்வளவுதான். பிறகு நான்காவது காலியானது. அது சாப்பாட்டறையும் இரண்டாவது ஹோலுமாக மாறியது. ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்குப் பின் மீதி இரண்டும் சேர்ந்தன. ஒழுங்கைக்கு முகம் கொடுத்த முதலாவதை இடித்து, மொட்டைமாடியோடு கூடிய உயரமான பகுதியைக் கட்டினார். உள்ளே நடக்கும்போது அறைகளும் முற்றங்களும் மாறி மாறி வருவதற்கு இதுவே காரணம். பழைய சுவர்களை எங்கே உடைப்பது, எந்தக் கூரைத் துண்டைக் கழற்றுவது என்பதுதான் இங்கே நடந்த வடிவமைப்பு.

வாசலில் நுழைந்ததும் கராஜில் 1934ஆம் ஆண்டு ரோல்ஸ் ரொய்ஸ். துணிக்கூரை மடியும் ரகம். பலர் அதோடு படம் எடுத்துவிட்டுக் கடந்து போகிறார்கள். கார் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். அது வீட்டின் முதல் அறை. சுவருக்கும் நிலத்துக்கும் உள்ளறைகளுக்குக் கொடுத்த அதே கவனம் அங்கேயும் இருக்கிறது. நம் வீடுகளில் கார் நிறுத்துமிடம் கடைசியில் மிச்சப்பட்ட மூலையாகப் போவதால்தான் வாசலே அழகு கெடுகிறது. டொயோட்டா அக்குவா ஏறத்தாழ 4 மீற்றர் நீளம், 1.7 மீற்றர் அகலம். ஒரு பக்கம் கதவு திறக்க 70 செ.மீ., மறுபக்கம் 30 செ.மீ. வைத்தால் உள் அகலம் 2.7 மீற்றர் போதும். பிராடோ வைத்திருப்பவருக்கு அகலம் 2.9, நீளம் 5.5 மீற்றர் வேண்டும். கடலுக்கு இவ்வளவு அண்மையில் காரை நான்கு பக்கமும் மூடிய அறைக்குள் விடக் கூடாது. ஈரம் வெளியேறாமல் தோல் இருக்கை பூஞ்சணம் பிடிக்கும், தகட்டின் அடிப்பாகம் உள்ளிருந்து துருப்பிடிக்கும். இரண்டு எதிர்ப் பக்கங்களிலாவது காற்று ஓட வேண்டும்.

கராஜைத் தாண்டினால் நீண்ட வெள்ளை நடை. சுவர் வெள்ளை, சீலிங் வெள்ளை, மினுக்கிய நிலமும் வெள்ளை. நடையின் தூரத்து முனையில் மட்டும் வெளிச்சம் விழுகிறது. அந்த வெளிச்சம் நிலத்தில் வழுக்கிக்கொண்டு நம்மை நோக்கி வருகிறது. நிலம் இங்கே விளக்கு வேலை செய்கிறது. யன்னல் இல்லாத ஒரு நடை பகலில் மின்விளக்கின்றி இயங்குவதற்கு அந்த மினுக்கம்தான் காரணம்.

இந்த நிலத்தைப் பார்த்துவிட்டு வந்து 'எனக்கும் அதே மாதிரி' என்று கேட்பவர்கள் ஏராளம், பிழை நேர்வதும் இதிலேதான். வெள்ளைச் சிமெந்தோடு டைட்டேனியம் நிறமி கலந்து இழுக்கும் பூச்சின் தடிப்பு சில மில்லிமீற்றர் மட்டுமே. கீழே இருக்கும் தளம் அசைந்தால் மேலே மயிர்க்கோடு விழும், அந்தக் கோட்டுக்குள் அழுக்கு இறங்கினால் பிறகு போகாது. தளக் கொன்கிரீட்டுக்குக் கீழே தடித்த பொலித்தீன் விரிக்க வேண்டும், இல்லையென்றால் கொழும்பின் நிலத்தடி ஈரம் மேலே ஏறி பூச்சு கொப்பளிக்கும். தளத்தை 1.2 அல்லது 1.5 மீற்றர் சதுரங்களாகப் பிரித்துக் கோடு வெட்ட வேண்டும். பூசியபின் ஏழு நாள் ஈரச் சாக்கு போட்டுக் காக்க வேண்டும். இந்த ஏழு நாளைத்தான் மேசன் பாஸ் இரண்டாகக் குறைப்பார். மெழுகு பிடிக்காத வெள்ளை நிலத்தில் மஞ்சள் சிந்தினால் அதே நிமிடத்தில் துடைக்க வேண்டும், ஆகவே குசினிக்கு இது வேண்டவே வேண்டாம். வழுக்கும் என்பதால் வயதானவர்கள் நடமாடும் ஈர இடங்களுக்கும் பொருந்தாது.

நடையின் முடிவில் சின்னக் குளமும், செட்டிநாட்டிலிருந்து வந்த பழைய மரத்தூண்களும். காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளின் முற்றத்தைச் சுற்றி வரிசையாக நிற்கும் தூண்களை அறிந்த தமிழர்களுக்கு இங்கே ஒரு கணம் மனம் நிற்கும். அங்கே தூண் கூரையைத் தாங்கும், வீட்டுக்காரரின் செல்வத்தையும் காட்டும். இங்கே இரண்டொரு தூண் வெளிச்சத்தில் தனியாக நிற்கிறது, செதுக்கு வேலை முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. கொழும்பில் பழம்பொருட் கடையில் தூண் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது அடிப்பகுதியை. தூணைப் படுக்கவைத்துக் கீழ் முகத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அடி உக்கிவிட்டது. நிலத்தில் நேராக நிறுத்தாமல், 150 மி.மீ. உயரக் கருங்கல் பீடத்தில், நடுவில் துருப்பிடிக்காத உருக்குக் கம்பி செருகி நிறுத்துங்கள். மரம் ஈரத்தை உறிஞ்சுவதும் கறையான் ஏறுவதும் அடிமுகத்தின் வழியாகவே.

இந்த வீட்டின் உயிர் முற்றங்களில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் முற்றம் நடுவில் ஒன்று, அதைச் சுற்றி நான்கு பக்கமும் தாழ்வாரம். வீடு முழுவதும் அந்த ஒரே முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். இங்கே அப்படி நடு இல்லை. சின்னச் சின்னத் திறப்புகள் ஓரங்களிலும் முனைகளிலும் சிதறி இருக்கின்றன. எந்த அறையில் நின்றாலும் இரண்டு அறை தள்ளி ஒரு வெளிச்சத் துண்டு தெரியும். ஆறு பேர்ச்சஸ், அதாவது ஏறத்தாழ 150 சதுர மீற்றர் காணியில் கட்டுபவருக்கு நாற்சாரைவிட இந்த முறையே கைகொடுக்கும். நடுவில் பெரிய முற்றம் விட்டால் சுற்றிவர நடை மட்டுமே மிஞ்சும்.

எவ்வளவு சின்னது போதும்? கொழும்பு பூமத்தியரேகைக்கு வடக்கே ஏழு பாகையளவில் இருப்பதால், சித்திரைப் புத்தாண்டுக்குச் சற்று முன்பும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இரண்டு மீற்றர் அகலம், சுவர் மூன்றரை மீற்றர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரலில் ஏறத்தாழ காலை பத்தேகால் முதல் பிற்பகல் இரண்டேகால் வரை தரையில் வெயில் எங்காவது ஓரிடத்தில் படும். டிசெம்பரில் சூரியன் தெற்கே சாய்வதால், தெற்கு வடக்காக அந்த இரண்டு மீற்றர் அமைந்தால், நண்பகலிலும் தரைக்கு வெயில் எட்டாது, வடக்குச் சுவருக்கு மட்டுமே. அதனால் வடக்குச் சுவரை வெள்ளையாக விடுங்கள். அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் அறைக்குள் வரும். நடுவதற்குக் கமுகு நல்லது, மெல்லிய தண்டு மேலே போய் வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். பறவை எச்சத்தில் முளைக்கும் அரசையும் ஆலையும் இரண்டு இலை விடும்போதே பிடுங்காவிட்டால் வேர் சுவருக்குள் போய்விடும்.

பாவாவின் முற்றத்தைப் பார்த்துக் கட்டியவர்களுக்கு முதலில் பிரச்சினை தருவது மழைத் தண்ணீர். கணக்கு எளியது. முற்றத்தையும் அதற்குள் வடியும் கூரையையும் சேர்த்து 60 சதுர மீற்றர் என்றால், மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை கொட்டும்போது நிமிடத்துக்கு 100 லீற்றர் வந்து விழும். 110 மி.மீ. பிவிசி குழாய் இதைத் தாராளமாக ஏற்கும். ஆனால் ஒரே ஓர் இலை வாயை மூடினால் போதும். இரண்டுக்கு மூன்று மீற்றர் முற்றம், அறைத் தரையிலிருந்து 150 மி.மீ. தாழ்வு என்றால் அது கொள்ளும் தண்ணீர் 900 லீற்றர். ஒன்பது நிமிடத்தில் ஹோலுக்குள் வெள்ளம். எனவே எப்போதும் இரண்டு வாய் வையுங்கள். ஒன்று தரையில், 300 மி.மீ. சதுரக் குழியோடும் கழற்றக்கூடிய வலையோடும். மற்றது சுவரில், தரைக்கு 75 மி.மீ. மேலே, வேறு குழாயில் போகட்டும். தரைச் சரிவு 80க்கு 1 இருந்தால் தண்ணீர் தேங்காது. தேங்கினால் டெங்கு, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து எழுதுவார். குளம் வைத்தால் கப்பி மீன் விடுங்கள், பூச்சாடித் தட்டுகளை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள்.

மழைக்குப் பயந்து முற்றத்துக்கு மேலே பொலிகாபனேட் தகடு போடுகிறவர்களும் உண்டு. போட்ட அன்றே முற்றம் செத்துவிடும். மேலே போக வேண்டிய சூடான காற்று தகட்டின் கீழ் அடைபட்டு அறைக்குள் திரும்பும். போட்டே ஆக வேண்டுமென்றால் சுவர் உச்சியிலிருந்து குறைந்தது 400 மி.மீ. உயர்த்தி, சுற்றிவரத் திறந்து விடுங்கள். கள்வருக்கும் மரநாய்க்கும் கம்பி வலை போதும்.

சாப்பாட்டறையில், அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஈரோ சாரினென் வடிவமைத்த, ஒற்றைத் தண்டில் நிற்கும் டியூலிப் கதிரைகள் இருக்கின்றன. 1950களின் நடுப்பகுதி வடிவமைப்பு, நொல் நிறுவனத்தின் தயாரிப்பு. ஒரே பொருளில் வார்க்க வேண்டும் என்பது சாரினெனின் ஆசை. பாரம் தாங்காததால் மேற்கிண்ணம் பைபர் கிளாஸ், அடி வார்ப்பு அலுமினியம் என்று முடிந்தது, வெள்ளைப் பூச்சு இரண்டையும் ஒன்றாகக் காட்டுகிறது. நூற்றாண்டு கண்ட செதுக்கு மரமும் இந்த வழுவழுப்பும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் இருப்பதன் இரகசியம் பொருட்களின் எண்ணிக்கை குறைவு என்பதே. நகல் கதிரை வாங்கும்போது காந்தத்தை அடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. காலி வீதியிலிருந்து கடல் பக்கம் வீடென்றால் பூச்சு உதிர்ந்த இடத்திலிருந்து விரைவிலேயே துரு கிளம்பும். அடுத்தது கிண்ணமும் தண்டும் சேரும் இடம்: கதிரையைக் கவிழ்த்து உலுக்குங்கள், சிறு ஆட்டம் இருந்தாலும் எடுக்காதீர்கள். பாரமான ஒருவர் பின்னால் சாயும்போது முழு விசையும் அந்த மூட்டில்தான் விழும்.

அவுஸ்திரேலிய ஓவியர் டொனல்ட் பிரண்ட் வரைந்த கதவையும் தவறவிடாதீர்கள். கலைப்பொருளைச் சட்டம் போட்டு மாட்டாமல் தினமும் திறந்து மூடும் கதவாக்கிய துணிச்சல் நமக்குப் பிடிக்கிறது. துணியிலும் இதே மனம். பாவாவோடு வேலை செய்த ஈனா டி சில்வா இலங்கையில் பதிக் கலையை, அதாவது துணியில் மெழுகு தடவிச் சாயம் தோய்க்கும் கலையை, நிமிர்த்தியவர். பாவா வடிவமைத்த பெந்தோட்டை பீச் ஹோட்டலின் வரவேற்பு மண்டபத்துச் சீலிங்கே அவருடைய பதிக் துணியாக இருந்தது. வீட்டில் துணியை இப்படிப் பாவிப்பதென்றால் நேர் வெயில் படாத இடமாக இருக்க வேண்டும், சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளித் தொங்க வேண்டும். சுவரோடு ஒட்டினால் மாரியில் பின்பக்கம் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம் வரும்.

குறையும் சொல்ல வேண்டும். இது பிள்ளைகள் ஓடி விளையாடும் வீடு அல்ல, தனியாளின் வீடு. திறந்த முற்றத்தோடு ஒட்டிய அறைகளுக்கு ஏசி பொருந்தாது. ஏசி வேண்டிய படுக்கையறைகளை முதலிலேயே தனியாக, இறுக்கமாக மூடும் கதவோடு வகுக்க வேண்டும். வெள்ளைச் சுவர் கொழும்பு மழையில் பாசி பிடிக்கும், தவறாமல் கழுவிப் பூச ஆள் வேண்டும். அந்தச் செலவை ஏற்க முடியாதவர்கள் வெளிச் சுவருக்கேனும் வெள்ளையைக் கைவிடுவது நல்லது.

போகும்போது: முன்பதிவு செய்துவிட்டே போங்கள், கட்டணத்தையும் நேரத்தையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தெரிவு இருந்தால் நண்பகலுக்கு அண்மையான நேரத்தை எடுங்கள், முற்றங்களில் வெளிச்சம் இறங்குவது அப்போதுதான் தெரியும். ஒழுங்கை ஒடுக்கம், காரைக் கொண்டு போகாமல் காலி வீதியில் பஸ்ஸால் இறங்கி நடப்பது இலகு. மொட்டைமாடிக்குப் படியேற வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தளத்தோடு நிற்கலாம். மேல்மாடியில் தங்கவும் வசதி உண்டு. விடியலிலும் இரவிலும் வீடு எப்படி மாறுகிறது என்று பார்க்க விரும்பும் கட்டடக்கலை மாணவர்கள் சேர்ந்து காசு போட்டாவது ஓர் இரவு தங்கலாம்.

முடித்துக்கொண்டு அல்பிரட் ஹவுஸ் வீதிக்கு நடந்து போங்கள். அங்கேயுள்ள கலரி கபே ஒரு காலத்தில் பாவாவின் அலுவலகம். ஒரு தேநீர் எடுத்துக்கொண்டு, கூரை முடிந்து முற்றம் தொடங்கும் ஓரத்து மேசையாகப் பார்த்து உட்காருங்கள். மழை பெய்தால் இன்னும் நல்லது. ஓட்டு விளிம்பிலிருந்து விழும் தண்ணீர் எங்கே தெறிக்கிறது, மேசைக்கால் அந்த இடத்திலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பதைக் காலடியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.