ஹட்டன் ஆண்கள் கூடல்: யோசிக்காமல் போங்கள்

மலையகத்தில் ஹட்டனில் ஞாயிறுகளில் நடக்கிற ஆண்கள் கூடலுக்கு, அதாவது வீட்டுவேலை, வன்முறை, ஆம்பளைத்தனம் பற்றித் தோட்டத்து ஆண்கள் கூடிப் பேசுகிற இடத்துக்கு, போகலாமா என்று சில பேர் கேட்டிருந்தார்கள். தாராளமாகப் போங்கள். காசு வாங்குவதில்லை, தேத்தண்ணியும் வடையும் உண்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான்.

தொடக்கத்தை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து வந்தவர் 'ஆணாதிக்கக் கருத்தியல்' என்று திரையைப் பார்த்தே வாசித்துக்கொண்டு போக, பின்வரிசை ஆட்கள் ஃபோனை எடுத்துவிட்டார்கள். நம் இலங்கையில் ஐந்தில் ஒரு பெண் கணவரிடமோ துணைவரிடமோ உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார் என்ற 2019 கணக்கெடுப்பையும் அதே வேகத்தில் தாண்டிவிட்டார், நின்று பேசவேண்டிய இடம் அது.

அப்புறம் நடத்துகிற தம்பி, "வேலை முடிஞ்சு லயத்துக்கு வந்ததும் என்னண்ணே செய்வீங்க?" என்று கேட்டார் (லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடு). அங்கேதான் சூடு பிடித்தது. கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது), மருந்தடிப்பு என்று போகிற ஆண்கள் பெரும்பாலும் மத்தியானத்தோடு வீடு வந்துவிடுகிறோம், பெண்கள் பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வர சாயந்தரமாகிவிடும், வந்ததும் அடுப்பு, தண்ணீர், பிள்ளைகள். 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமானது, வீட்டுக்குள் ஒன்றும் மாறவில்லை. ஒரு பெரியவர் சொன்னார்: "நான் சோறு வடிச்சு வைப்பேன் தம்பி, ஆனா பக்கத்துக் காம்பராக்காரன் பார்த்துடக்கூடாதுன்னு கதவைச் சாத்திக்குவேன்." யாரும் சிரிக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், தானும் அப்படித்தான் என்றார்.

மன்மதன் எரிந்த கதையை ஆடுகிற காமன் கூத்தில், அவன் மனைவி ரதியாக வேஷம் கட்டுகிறவர் ஒருவரும் வந்திருந்தார். ஆண்களே ரதி வேஷம் கட்டுவது நம் தோட்டங்களில் காலங்காலமாக உள்ள வழக்கம், காமன் எரிந்ததும் ரதி புலம்பும்போது பார்க்கிறவர்களும் அழுதுவிடுவார்கள். "மாசியில சேலை கட்டி அழுதா சாமிங்கிறான், எம் பொண்டாட்டி செத்தன்னிக்கு அழுதா ஆம்பளையாடாங்கிறான்" என்றார். இந்த ஒரு பேச்சுக்காகவே போகலாம்.

குறை இல்லாமல் இல்லை. அடிதடிப் பேச்சு வந்தபோது 1938 என்ற பெண்கள் உதவி எண்ணையாவது சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. குடியைப் பற்றியும் மேலோட்டமாகத்தான் பேசினார்கள்.

நடத்துகிறவர்களுக்கு: திரையைக் கழற்றிவிட்டு வட்டமாக உட்காரவையுங்கள். சம்பளம் போட்ட வாரத்தில் வைக்காதீர்கள், வரவேண்டிய ஆட்கள் அன்றைக்குத் தவறணையில் (சாராயக் கடையில்) இருப்பார்கள். ஓஎல் (பத்தாம் வகுப்புக்குப் பிறகான சாதாரண தரப்) பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருக்கிற பொடியன்களையும் கூப்பிடுங்கள், அன்றைக்கு அந்த வயதில் ஒருத்தரைக்கூடக் காணவில்லை.