அப்பாவோடு பூமலை நூலகத்துக்கு

மெல்பர்னிலிருந்து இரண்டு வார விடுப்பில் சிங்கப்பூர் வந்திருந்தேன். தேக்கா, சொந்தக்காரர் வீடுகள் எல்லாம் முடிந்தபின், பூமலைக்குள், அதாவது சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்குள், இருக்கும் தாவரவியல், தோட்டக்கலை நூலகத்துக்கு அப்பாவைக் கூட்டிப் போனேன். தாத்தா செம்பவாங் பக்கம் கித்தாக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பால் வெட்டியவர். அந்த வேலையைப் பற்றி எங்காவது எழுதி வைத்திருப்பார்களா என்று எனக்கு நெடுநாள் ஆசை.

போகிறவர்கள் நேப்பியர் ரயில் நிலையத்தில் இறங்குங்கள். நூலகம் தங்ளின் வாசல் பக்கம். நாங்கள் பொட்டானிக் கார்டன்ஸ் நிலையத்தில் இறங்கிவிட்டோம். அது புக்கிட் தீமா வாசல். முட்டிவலியோடு அப்பா தோட்டம் முழுக்க நடக்க வேண்டியதாயிற்று.

நூலகம் 1875-ல் தொடங்கியது. சிங்கப்பூருக்கும் வேளாண்மைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் இங்கே ஒருமுறை வர வேண்டும். 1877-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் இந்தப் பூமலைக்குத்தான் வந்தன. 1888-ல் தோட்டத்தின் இயக்குநராக வந்த ரிட்லி, மரத்தைக் கண்டபடி கொத்துவதை மாற்றினார். ஒரே வெட்டின் விளிம்பை நாளுக்கு நாள் மெல்லிசாகச் சீவினால் பால் தொடர்ந்து வடியும், பட்டையும் மறுபடி வளரும் என்று சோதித்துக் காட்டினார். மலாயாத் தோட்டங்களில் நம் ஆட்கள் விடியுமுன் செய்தது அந்த வேலைதான்.

என்ன தேடுகிறோம் என்று முன்பே மின்னஞ்சலில் எழுதியிருந்தேன். நூலகர் அம்மா பழைய ரப்பர் நூல் ஒன்றை எடுத்து வைத்திருந்தார். அவசரப்படுத்தவே இல்லை. அதில் மீன்முள் மாதிரிச் சாய்வாக வெட்டிய மரத்தின் படம். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளைத் தொடாமல் விரலை அந்தச் சாய்வின் மேலேயே ஓட்டினார்.

“தாத்தா இப்படித்தான்டா இழுப்பாரு. கொஞ்சம் ஆழமாப் போச்சுன்னா மரம் காயம்பட்டுரும், வேலையை மேற்பார்க்குற மண்டோர் ஏசுவாரு. பால் வடியுற மங்கு நிறைஞ்சதும் வாளியில ஊத்தணும். மறுநாள் வெட்டுல காஞ்சு ஒட்டியிருக்குற ஒட்டுப்பாலை உரிச்சுத் தனியா எடுக்கணும்.”

நாங்கள் பார்த்த பக்கங்களில் மரத்துக்கு அளவு இருந்தது, கத்திக்குப் படம் இருந்தது. வெட்டியவர் பெயர் ஒன்றுகூட இல்லை. அதுதான் மனசை உறுத்தியது.

நூலகர் மங்கு, ஒட்டுப்பால் இரண்டையும் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அப்பா நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அந்த அம்மா பென்சிலால் எழுதிக்கொண்டார்.