படர்தாமரைக்கு 'எல்லாம் கலந்த' க்ரீம் தடவுகிறீர்களா? டியூபைத் திருப்பிப் பாருங்கள்

அரிப்புக்கோ படர்தாமரைக்கோ என்று ஏதாவது க்ரீம் தடவிக்கொண்டிருப்பவர்கள், இதைப் படிக்கும் முன் அந்த டியூபைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் மருந்துப் பெயர்கள் இருக்கும். நான் ஐந்து மாதம் அதைப் படிக்காமலே தடவினேன். அதனால் வந்த தழும்புகள் என் தொடை இடுக்கில் இன்னும் வரிவரியாக இருக்கின்றன.

முதலில் இடுப்பில், உள்ளாடை எலாஸ்டிக் அழுத்தும் இடத்தில், நகம் அளவுக்கு ஒரு சிவந்த திட்டு வந்தது. வியர்த்தால் அரிக்கும். இரண்டு வாரத்தில் அது வட்டமாக விரிந்தது. ஓரம் மட்டும் மேடு தட்டிச் சிவந்து, பொடிப்பொடியாகச் செதில் விட்டிருந்தது. நடுவில் தோல் ஏறக்குறைய பழைய நிறத்துக்கே திரும்பியிருந்தது. படர்தாமரையின் அடையாளமே அதுதான் என்று அப்போது தெரியாது. பூஞ்சை தோலின் மேலடுக்கில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைத் தின்றுகொண்டே வெளிப்பக்கமாக நகர்கிறது. அதனால்தான் ஓரம் கனன்றுகொண்டும் நடு ஆறியும் இருக்கிறது.

மருந்துக் கடையில் கேட்டேன். கடைக்காரர் இடத்தைப் பார்க்கவில்லை, எத்தனை நாளாக என்றும் கேட்கவில்லை. "அரிப்புதானே? இதைப் போடுங்க, ரெண்டே நாள்ல அடங்கிடும்" என்று ஒரு டியூபை எடுத்து வைத்தார். சீட்டு வேண்டுமா என்று கேட்டதற்கு, "இதுக்கெல்லாம் எதுக்குங்க டாக்டர்?" என்றார்.

சொன்னபடி இரண்டே நாளில் அடங்கியது. சிவப்பு போனது, செதில் போனது. எனக்கு அவர் மேல் மரியாதையே வந்துவிட்டது. க்ரீமை நிறுத்தினேன். பத்து நாளில் அதே இடத்தில், முன்பைவிடப் பெரிதாக, தீப்பிடித்த மாதிரி அரித்தது. மறுபடி தடவினேன், மறுபடி அடங்கியது. நிறுத்தினால் வரும், தடவினால் போகும். மூன்றாவது டியூப் வாங்கும்போது அது தொடை இடுக்குக்கு வந்திருந்தது. நான்காவதில் வயிறு வரை ஏறியது. "உங்களுக்கு வியர்வை உடம்பு, விடாம போடுங்க" என்றார் அவர். விடாமல் போட்டேன்.

ஒருநாள் குளித்துவிட்டு ஈரம் துடைக்கும்போது தொடையின் உள்பக்கம் விரல் பட்ட இடம் வழக்கம்போல இல்லை. தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்திருந்தது. அடியில் ஊதா நிறத்தில் நீள நீளமாகக் கோடுகள். அன்றுதான் தோல் மருத்துவரிடம் போனேன்.

அவர் முதலில் கேட்டது, "என்ன போட்டீங்க?" என்றுதான். டியூபைக் கொடுத்தேன். அவர் பேனா முனையால் ஒவ்வொரு பெயராகக் காட்டினார். குளோபெட்டசால், நியோமைசின், மைக்கோனசோல். நடுவில் இருப்பது பாக்டீரியாவைக் கொல்வது, பூஞ்சைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கடைசியில் இருப்பதுதான் பூஞ்சைக்கு. முதலில் இருக்கும் குளோபெட்டசால், தோலில் தடவும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகையைச் சேர்ந்தது.

சிவப்பும் அரிப்பும் பூஞ்சையை எதிர்த்து நம் உடம்பு போடும் சண்டை. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. நமக்கு நோய் போன மாதிரி இருக்கும், பூஞ்சையோ எதிர்ப்பே இல்லாமல் பரவும். ஓரத்து வளையம் மங்கி, படர்தாமரை என்றே அடையாளம் தெரியாமல் போகும். 1968-லேயே ஐவ், மார்க்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் இதை 'டீனியா இன்காக்னிட்டோ', அதாவது மாறுவேடப் படர்தாமரை, என்று பெயரிட்டு எழுதிவிட்டார்கள். அத்தனை காலமாகத் தெரிந்த விஷயத்தில்தான் நான் மாட்டியிருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. லேசான ஸ்டீராய்டு கலந்த மருந்தை, வீக்கம் அதிகமாக இருக்கும்போது சில நாளைக்கு மட்டும் மருத்துவர்கள் எழுதுவது உண்டு. அது வேறு. பார்க்காமலே கொடுத்து, மாதக்கணக்கில் விடாமல் போடச் சொல்வது வேறு.

பிறகு அவர் செய்த பரிசோதனை ஐந்து நிமிட வேலை. மழுங்கிய பிளேடு முனையால் திட்டின் ஓரத்தை மெல்லச் சுரண்டினார், வலியே இல்லை. கண்ணாடித் துண்டில் விழுந்த வெள்ளைத் தூளின் மேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு. அது தோல் செல்களைக் கரைத்துவிடும், பூஞ்சை மட்டும் கரையாமல் நிற்கும். சற்றுப் பொறுத்து நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார். கிளை கிளையாகப் பிரிந்த கண்ணாடி இழைகள். ஐந்து மாதம் நான் ஸ்டீராய்டு போட்டு வளர்த்தது இதைத்தான்.

என் நிலைமைக்கு க்ரீம் மட்டும் போதாது என்று, ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு ஆறு வாரம் மாத்திரையும் எழுதினார். ஸ்டீராய்டை நிறுத்தியதும் முதல் வாரம் சிவப்பும் எரிச்சலும் கூடியது. அப்படி ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தார். சொல்லாமல் இருந்திருந்தால் பழைய டியூபையே மறுபடி எடுத்திருப்பேன்.

முதல் வாரமே சரியான மருந்து போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். உடம்பில் ஒன்றிரண்டு இடத்தில் புதிதாக வரும் படர்தாமரைக்கு கிளோட்ரிமசோல் அல்லது டெர்பினாஃபின் மட்டும் உள்ள 1 சதவீத க்ரீமே பெரும்பாலும் போதுமாம். திட்டுக்கு வெளியே 2 சென்டிமீட்டர் வரை சேர்த்துத் தடவ வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் ஓரத்தைத் தாண்டியும் பூஞ்சை இருக்கும். பொதுவாக 2 முதல் 4 வாரம். திட்டு மறைந்த பிறகும் இன்னும் ஒரு வாரமாவது தொடர வேண்டும். அரிப்பு நின்ற அன்றே நிறுத்துவதுதான் நம்மில் பலர் செய்யும் தப்பு.

பெயர் விஷயத்தில் கவனமாக இருங்கள். கிளோட்ரிமசோல் பூஞ்சைக்கு, குளோபெட்டசால் ஸ்டீராய்டு. காதில் இரண்டும் ஒன்று போலத்தான் விழும். பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃபுளுசினோலோன் என்று எது இருந்தாலும் அதுவும் ஸ்டீராய்டுதான்.

வட்டமாக இருப்பதெல்லாம் படர்தாமரையும் இல்லை. நாணய வடிவ எக்சிமாவும் சொரியாசிஸும் அப்படியே தோன்றும், சுரண்டிப் பார்த்தால்தான் தெரியும். மார்பிலும் முதுகிலும் வெளுத்தோ பழுப்பாகவோ மெல்லிய செதிலோடு வரும் தேமல் மலசீசியா என்ற வேறு பூஞ்சையால் வருவது. அதற்கு செலீனியம் சல்ஃபைடு அல்லது கீட்டோகோனசோல் ஷாம்பு. பூஞ்சை செத்த பிறகும் தோல் நிறம் திரும்ப மாதங்கள் ஆகும் என்பதால், மருந்து கேட்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். கால் விரல் இடுக்கில் ஊறி வெள்ளையாகத் தோல் உரிந்தால் சேற்றுப்புண்ணாக இருக்கலாம். அதே பூஞ்சை இடுப்புக்கு ஏறும், அதனால் உடுத்தும்போது முதலில் காலுறை, பிறகு உள்ளாடை. குழந்தைகளுக்குத் தலையில் முடி உதிர்ந்து செதிலோடு திட்டு வந்தால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். பூஞ்சை முடிக்காலுக்குள் இருப்பதால் க்ரீம் அங்கே எட்டாது, மாத்திரைதான்.

எனக்குக் குணமாகும்வரை துண்டைத் தனியாக வைத்தோம், துணிகளை வெந்நீரில் துவைத்தோம். வீட்டில் இன்னொருவருக்கும் திட்டு இருந்தது, இருவரும் சேர்ந்தே மருந்து எடுத்தோம்.

பூஞ்சை போய் எட்டு மாதமாகிறது, திரும்பவில்லை. ஊதாக் கோடுகள் வெளுத்து வெள்ளைக் கோடுகளாகிவிட்டன. அவை போகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். உங்கள் டியூபில் மேலே சொன்ன ஸ்டீராய்டு பெயர்களில் ஒன்று இருந்தால் அடுத்த டியூப் வாங்க வேண்டாம். அதைத் தூக்கி எறியாமல் அப்படியே தோல் மருத்துவரிடம் கொண்டு போய்க் காட்டி, எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.