மட்டி நஞ்சுக்கு எஸ்.பி.ஆர். கருவி: சில வருடங்கள் ஓட்டிப் பார்த்ததில்

அயர்லாந்தில் மட்டிப் பண்ணைகளின் மாதிரிகள் வரும் ஓர் ஆய்வகத்தில் சில வருடங்களாக இந்தக் கருவியை ஓட்டுகிறேன். எஸ்.பி.ஆர். என்றால் சர்ஃபேஸ் பிளாஸ்மோன் ரெசொனன்ஸ்: தங்கப் பூச்சின் மேல் ஏதாவது ஒட்டினால், அதில் பட்டுத் திரும்பும் ஒளியில் வரும் மாற்றத்தை அளக்கும் முறை. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாக வாங்குங்கள், ஆனால் கடைசித் தீர்ப்பை அதனிடம் விடாதீர்கள்.

மெல்லிய தங்கப் பூச்சுள்ள சில்லில் (சிப்) சாக்சிடாக்சின் ஒட்டப்பட்டிருக்கும்; பாசியிலிருந்து மட்டிக்குள் சேர்ந்து, தின்பவருக்குப் பக்கவாதம் உண்டாக்கும் நஞ்சு இது. மட்டிச் சதையை அரைத்து எடுத்த சாற்றோடு, இந்த நஞ்சைப் பிடிக்கும் புரதமான ஆன்டிபாடியைக் கலந்து சில்லின் மேல் ஓடவிடுவோம். சாற்றில் நஞ்சு இருந்தால் ஆன்டிபாடி அதைப் பிடித்துக்கொள்ளும், சில்லில் போய் ஒட்டுவது குறையும், சிக்னலும் குறையும். சில நிமிடங்களில் ஒரு மாதிரி முடிந்துவிடும். முன்பெல்லாம் எலியின் வயிற்றில் சாற்றை ஊசியால் செலுத்தி, அது சாகும் நேரத்தை வைத்து நஞ்சைக் கணக்கிடுவார்கள். அந்தக் கொடுமை இல்லாமல் வேலை நடப்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

தினசரித் தொல்லைகள் உண்டு. குழாயில் காற்றுக் குமிழி வந்தால் சிக்னல் கோடு தாறுமாறாகும், அறை வெப்பம் மாறினாலும் நகரும். அப்புறம், சுத்தமான பஃபரில் (அமில-காரநிலை எளிதில் மாறாத கரைசல்) அழகாக வரும் அளவீட்டு வளைகோடு மட்டிச் சாற்றில் அப்படியே வராது, அதனால் நஞ்சின் அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்களை நஞ்சில்லாத மட்டியின் சாற்றிலேயே தயாரியுங்கள். சில்லைக் கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், ஆனால் சிக்னல் மெல்ல மெல்லத் தேயும்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. உண்மையான சிக்கல் ஆன்டிபாடியில் இருக்கிறது. பக்கவாத நஞ்சு என்பது ஒரே பொருள் அல்ல, பெரிய குடும்பம். நியோசாக்சிடாக்சினுக்கும் சாக்சிடாக்சினுக்கும் வித்தியாசம் ஒரேயொரு ஆக்சிஜன் அணுதான், நஞ்சின் கடுமையும் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் சாக்சிடாக்சினுக்காக உருவாக்கிய ஆன்டிபாடிகள் பல நியோசாக்சிடாக்சினைச் சரியாக அடையாளம் காண்பதில்லை. ஐரோப்பிய வரம்போ, கிலோவுக்கு 800 மைக்ரோகிராம், மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து. எந்த நஞ்சு அதிகம் என்பது மட்டி தின்ற பாசியின் இனத்தைப் பொறுத்தது, ஆகவே உங்கள் கடற்பகுதியில் எந்தப் பாசி வளர்கிறது என்று தெரியாமல் கருவி காட்டும் எண்ணை நம்புவது ஆபத்து. சமைத்தாலும் நஞ்சு போகாது, மாற்று மருந்தும் கிடையாது. நாங்கள் வரம்புக்கு வெகு கீழேயே கோடு போட்டிருக்கிறோம், அதைத் தொடும் எதுவும், நஞ்சுகளைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் திரவக் குரோமட்டோகிராஃபிக்குப் போய்விடும்.

வயிற்றுப்போக்கு உண்டாக்கும் இன்னொரு மட்டி நஞ்சான ஒகடாயிக் அமிலத்தில் இந்தக் கவலை குறைவு, ஏனென்றால் நல்ல ஆன்டிபாடி கிடைத்தால் அதன் நெருங்கிய உறவுகளையும் சேர்த்துப் பிடிக்கும். கொழுப்பமிலத்தோடு பிணைந்த வடிவங்களையும் கணக்கில் சேர்க்க, சாற்றை முதலில் காரத்தில் சூடாக்கிப் பிரிக்க வேண்டும். அவசரத்தில் அந்தப் படியைத் தவிர்க்காதீர்கள்.